நான் விட்டுவந்த இடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

சென்ற கல்வியாண்டில் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் சார்பில் நடந்த பட்டிமன்றம் நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கலாம். 'வெளிமாநிலத் தொழிலாளர் வருகை நம் மக்களின் வேலைவாய்ப்பைப் பறிக்கிறதா, இல்லையா?' என்பது தலைப்பு. 'பறிக்கிறது' என்ற அணியில் நான் பேசினேன். சிறந்த பேச்சாளர் என்று சான்றிதழும் ஒரு நூலும் கொடுத்தார்கள். கைதட்டலுக்கும் குறைவில்லை. அந்தப் பேச்சைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். பெருமைக்காக அன்று. அந்தப் பேச்சில் ஒரு பிழை இருந்தது. அதை எடுத்துக் காட்டியவர் நடுவரும் அல்லர், எதிரணியினரும் அல்லர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தையார்.

நான் ஆம்பூரிலிருந்து வருகிறவன். மாதனூர், பள்ளிகொண்டா வழியாக நாள்தோறும் பேருந்தில் வேலூருக்கு வந்து போகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தோல்தான் சோறு போடுகிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. அதன் பிறகு முழுதாய் முடித்த தோலும், தோலில் செய்த காலணிகளும் போகத் தொடங்கின. என் அம்மா ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். அப்பா டேனரியில் இருபத்தேழு ஆண்டுகளாக ஈர வேலை செய்கிறவர்.

ஈர வேலை என்றால் என்னவென்று வேலூர் நண்பர்கள் சிலர் கேட்டதுண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் அதை ஊறவைப்பார்கள். பிறகு கனத்துப் போன அந்தத் தோலை இழுத்துப் போட்டுச் சதையை நீக்க வேண்டும். முதலாண்டில் நம் ஆசிரியர் சல்பைடுகளைப் பற்றி நடத்தியபோது நான் சமன்பாட்டை எழுதாமல் அப்பாவின் கைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். நகம் என்று சொல்லத்தக்கது அவருக்கு நான்கு விரல்களில்தான் இருக்கிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் வேலை செய்யும் இடத்தில் ஈர வேலை முழுவதையும் ஒரு காண்டிராக்டரிடம் விட்டுவிட்டார்கள். அவர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்களை அழைத்து வந்தார். வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்குப் போன அப்பாவை மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். என் அக்காவின் திருமணம் இரண்டாண்டு தள்ளிப் போனது அதனால்தான். இதை மேடையில் அப்படியே சொன்னேன். 'காட்பாடியில் வந்து நிற்கும் ஒவ்வொரு வடநாட்டு ரயிலும் ஆம்பூரில் ஓர் அடுப்பை அணைக்கிறது' என்று முடித்தேன். அரங்கம் அதிர்ந்தது. நண்பன் ஒருவன் அதைக் கைபேசியில் பதிவு செய்து பலருக்கும் அனுப்பி வைத்தான்.

நடுவராக அமர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் முடிவுரையில் ஒரு சொல் சொன்னார். "தம்பி, இந்த வழக்கை நீ மட்டும் நடத்தவில்லை. இங்கிலாந்தில் ஒரு நாடே நடத்தியது. போய்ப் படித்துப் பார்" என்றார். நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

2004-ஆம் ஆண்டில் போலந்து உள்ளிட்ட எட்டுக் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஒன்றியத்துக்குள் யாரும் எங்கும் போய் வேலை செய்யலாம் என்பது விதி. மற்ற நாடுகளில் பல சில ஆண்டுகள் கதவைச் சாத்தி வைத்திருக்க, பிரிட்டன் முதல் நாளிலேயே திறந்துவிட்டது. தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வந்தவர்கள் நிறைந்தார்கள். 'எங்கள் கூலி குறைந்தது' என்றார் சிலர். 'வேலை செய்ய ஆள் கிடைத்தது' என்றார் சிலர். 2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று மக்களிடமே கேட்டார்கள். விலகுவோம் என்றவர்கள் 51.9 சதவீதம். இருப்போம் என்றவர்கள் 48.1 சதவீதம். கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் காய்கறித் தோட்டங்களுக்கு வந்து குவிந்த பாஸ்டன் என்ற சிறு நகரத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விலகச் சொன்னார்கள். அயலார் மிகுந்த இலண்டன் மாநகரமோ ஏறத்தாழ 60 சதவீதம் இருக்கச் சொன்னது. ஒரே வருகையைப் பார்த்து இரண்டு ஊர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தன.

2020 ஜனவரி 31-இல் அந்நாடு விலகிற்று. அடுத்த ஆண்டே லாரி ஓட்ட ஆளில்லை, கோழி இறைச்சிக் கூடங்களுக்கு ஆளில்லை என்று வெளிநாட்டாருக்குத் தற்காலிக விசா கொடுக்க வேண்டி வந்தது. 2023-இல் வந்தவர்களில் போனவர்களைக் கழித்த தொகை, ஓராண்டுக் கணக்கில், 9 லட்சத்தைத் தாண்டியது. இம்முறை வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். இந்தியர் அதில் கணிசம். எங்கள் தெருவில் செவிலியர் படிப்புப் படித்த ஓர் அக்காவும் அவர்களில் ஒருவர். விலகியதால் ஆள் வரும் திசை மாறியதே ஒழிய ஆள் வருவது நிற்கவில்லை.

இதை நான் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் சொன்னபோது பெரிய வாக்குவாதமே மூண்டது. மூட்டியவர் என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர். எழுபத்தெட்டு வயது. திராவிட நாடு கேட்ட கூட்டங்களுக்கு நடந்தே போய்வந்த தலைமுறை.

"இங்கிலீஷ்காரனுக்கு ஓட்டுப் பெட்டி வச்சாங்க. நாங்க கேட்டப்போ சட்டத்தத் தூக்கிப் போட்டு வாய அடச்சாங்க. அன்னிக்குப் பிரிஞ்சிருந்தா இந்த ரயிலு இங்க வந்திருக்குமா?" என்றார் தாத்தா.

அவர் சொன்னதில் வரலாறு உண்டு. அறிஞர் அண்ணா 1962 மே மாதம் மாநிலங்களவையில் தம் முதல் உரையிலேயே தன்னுரிமை கேட்டார். அவ்வாண்டு அக்டோபரில் சீனப் போர் வந்தது. 1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்க முடியாதபடி செய்தது. தி.மு. கழகம் கோரிக்கையைக் கைவிட்டது; ஆனால் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. அந்தக் காரணங்களைப் பற்றிய பேச்சு மாநில சுயாட்சி என்ற பெயரில் இராஜமன்னார் குழு (1971) முதல் 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நீதியரசர் குரியன் ஜோசப் குழு வரை தொடர்ந்து வருகிறது.

தேநீர்க் கடைக்காரர் விடவில்லை. "பிரிஞ்சிருந்தா எம் மருமவன் தெனம் பெங்களூருக்கு ரயிலேறிப் போறானே, அவன் பாஸ்போர்ட்டு எடுத்துகினு போவணுமா?"

"திராவிட நாட்டுல பெங்களூரும் சேர்த்திதான்டா!"

"அவன் சேர்றேன்னு எப்ப சொன்னான்?"

கடை முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவனங்களிலும் மண்ணின் மைந்தர்களுக்கே பெரும்பங்கு வேலை என்ற மசோதாவுக்கு இசைவளித்துவிட்டு, எதிர்ப்புக்குப் பிறகு நிறுத்தி வைத்தது. அந்த வாரம் முழுவதும் இதே கடையில் இதே மனிதர்கள் 'இது என்ன அநியாயம்' என்று பேசியதை நான் கேட்டிருக்கிறேன். 1966-இல் பம்பாயில் சிவசேனை தொடங்கப்பட்டபோது முதலில் குறி வைக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற தென்னாட்டார்தாம். அங்கே தாராவியில் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கி வளர்த்தவர்களில் தமிழ்நாட்டார் உண்டு. இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தாத்தாவின் தகப்பனார் கோலார் தங்கவயலுக்குப் போய்ப் பாறை உடைத்தவர். அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் நம் வட ஆர்க்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும் வரை தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள். கடைக்காரர் அதையும் நினைவூட்டினார். தாத்தா தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு அப்பா என் பேச்சின் கையெழுத்துப் படியைக் கேட்டார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விளக்கடியில் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"நல்லாத்தான் எழுதிக்கிற. ஆனா ஒண்ணு தப்பு" என்றார்.

"எதுப்பா?"

"அந்தப் பையன் எம் எடத்துல நிக்கல. உன் எடத்துல நிக்கிறான்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். முன்பெல்லாம் டேனரியில் அப்பன் கூடவே மகன் வேலைக்கு வருவான். அப்படித்தான் அப்பாவும் தம் பதினைந்தாம் வயதில் தாத்தாவோடு போய்ப் பழகினார். நான் பத்தாவது படிக்கும்போது சூப்பர்வைசர், "பையன எப்போ கூட்டியாறே?" என்று கேட்டாராம். "அவன் படிக்கிறான் சார்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவருடன் வேலை செய்த பதினொரு பேரும் அதையே சொன்னார்கள். ஒருவர் மகன் பாலிடெக்னிக், ஒருவர் மகள் ஷூ கம்பெனி, ஒருவர் மகன் சென்னையில் டெலிவரி வேலை. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் பிள்ளைகளை யாரும் விடவில்லை. நான் இந்தக் கல்லூரியில் காலடி வைத்த அன்று அங்கே ஓரிடம் காலியாயிற்று.

"அப்போ உங்களுக்கு மூணு நாள் போனது?" என்று கேட்டேன்.

"அது நெசம். வேற கணக்கு அது. எனக்குத் தெரியல" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

அந்த வேறு கணக்கு எனக்குப் பிடிபட்டது இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா கைபேசியில் அழைத்தார். பீகார்ப் பையன் ஒருவன் மேல் தொட்டி நீர் தெறித்துவிட்டது, முன்கையிலும் கழுத்திலும் எரிகிறது, என்ன தடவலாம் என்று கேட்டார். "ஒன்றும் தடவாதீர்கள். குழாயைத் திறந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். நனைந்த சட்டையைக் கழற்றுங்கள்" என்றேன். இரண்டாண்டுப் படிப்பில் என் வேதியியல் எங்கள் குடும்பத்துக்குப் பயன்பட்டது அப்போதுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம், நன்றாகப் பார்த்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கா?" என்று அப்பா அவனைக் கேட்டார். அவன் விழித்தான். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மருத்துவமனை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கயா மாவட்டத்துக்காரன். என் வயதுதான், ஆனாலும் என்னை "அண்ணா" என்றான். "இன்னா அண்ணா படிக்கிறீங்க?" என்று எங்கள் ஆம்பூர்த் தமிழிலேயே கேட்டான். வேதியியல் என்றேன். "நானும் இண்டர்ல கெமிஸ்ட்ரிதான் அண்ணா" என்றான். மேலே படிக்க வசதியில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவியபோது அவன் அண்ணன் திருப்பூரில் இருந்திருக்கிறான். தமிழகக் காவல்துறை மறுத்தும், பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தும், தாயின் அழுகை நிற்கவில்லை. அண்ணன் திரும்பிப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக இவன் வந்தான்.

அப்போது என் பேச்சு நினைவுக்கு வந்தது. ரயிலும் அடுப்பும் வரும் அந்த வரியை யாரேனும் இந்தியில் எழுத்திட்டு அந்தத் தாயின் கைபேசிக்கு அனுப்பியிருந்தால்? கைதட்டிய நண்பர்கள் யாரும் தீயவர்கள் அல்லர். நானும் அல்லேன். ஆயினும் என்னால் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

எங்கே தூங்குகிறாய் என்று கேட்டேன். கம்பெனிக் கொட்டகையிலேயே என்றான். 2015 ஜனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர் நிலையத்தில் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். உள்ளூர்க்காரன் இரவில் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு இல்லாதவன் வேலை செய்த இடத்திலேயே படுப்பான்.

பிறகு கூலியைக் கேட்டேன். அவன் சொன்ன நாள் கூலி அப்பாவின் கூலியைவிட மிகச் சிறிதே குறைவு. எனக்கு வியப்பாயிற்று. இவ்வளவுதான் வித்தியாசம் என்றால் அப்பாவை ஏன் குறைத்தார்கள்? எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டபோதுதான் கணக்கு விளங்கியது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். வாரம் ஆறு நாள்.

நண்பர்கள் இந்தக் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது முறை. அவன் உழைப்பது 72. அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே உண்டு. பின்னர் வந்த தொகுப்புச் சட்டத்திலும் உண்டு. அதன்படி அவனுக்கு 96 மணி நேரக் கூலி வர வேண்டும். வருவதோ ஆறு நாள் கூலி, அதாவது 48 மணிக்குரியது. சரிபாதி. இதன் மேல் வைப்பு நிதிக்கு முதலாளி பங்கு 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், பதிவேட்டில் பெயரில்லாததால் அதுவும் மிச்சம். கூலியின்றி அவன் உழைத்த மணி 24. அப்பா இழந்த நாள் மூன்று. நாளுக்கு எட்டு மணி என்றால் அதுவும் 24.

அப்பாவுக்குத் தெரியாதிருந்த வேறு கணக்கு இதுதான். அவருடைய மூன்று நாளும் அந்தப் பையனின் சட்டைப் பைக்குப் போகவில்லை. அவன் பையிலிருந்தும் அதே அளவு எடுக்கப்பட்டிருந்தது. வந்தவனால் நமக்கு ஒன்றும் இழப்பில்லை என்று எதிரணி நண்பர் பேசியதும் பிழையே. எங்கள் வீட்டு இழப்பு உண்மை. பாஸ்டன் நகரத்தாரின் கோபத்திலும் பொய் இருந்திருக்காது. வேறு ஆள் கிடைக்காவிட்டால் காண்டிராக்டர் கூலியை உயர்த்தியிருப்பார் என்று ஒருவர் வாதிடலாம். உயர்த்தியிருக்கலாம், இயந்திரம் வாங்கியிருக்கலாம், கடையைக் கட்டிக்கொண்டும் போயிருக்கலாம். ஆனால் எழுதப்படாத அந்த 24 மணி நேரம் இருக்கும் வரை, நாட்டைப் பிரித்தாலும் ரயிலை நிறுத்தினாலும் பக்கத்து ஊரிலிருந்தே இன்னொரு ஏழையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்துவார்கள்.

இதை முன்பே அறிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒடிசாவில் 'தாதன்' என்ற பெயரில் கூலிகளை முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன கொடுமையிலிருந்து பிறந்தது, 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம். ஒரே வேலைக்கு உள்ளூராருக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்றது அது. வந்தவனைக் காக்கும் சட்டம் என்றுதான் அதைச் சொல்வார்கள். எனக்கு அது என் அப்பாவையும் காக்கும் சட்டமாகத் தெரிகிறது. இப்போது அது 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். அந்தப் பையனின் பெயர் இன்னும் ஏறவில்லை.

நான் போட்ட கணக்கை அப்பாவிடம் காட்டினேன். மூன்று முறை சரிபார்த்தார். மறுவாரம் அவரும் பழைய ஆட்கள் நான்கு பேரும் சேர்ந்து, எல்லார் பெயரையும் வேலை நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விண்ணப்பம் கொடுக்க முடிவு செய்தார்கள். தமிழில் நான் எழுதினேன். இந்தி எனக்குத் தெரியாது. அடியில் இந்தியில் அந்தப் பையனே எழுதினான். தாத்தா திண்ணையிலிருந்து, "வந்தவனுக்காகவா கையெழுத்து?" என்றார். "அவன் நேரத்த எழுதினாத்தான் மாமா என் நாளு திரும்பும்" என்றார் அப்பா. தாத்தா பதில் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியைக் கேட்டு வாங்கி விண்ணப்பத்தை முழுவதும் படித்தார். 'கேட்டுக்கொள்கிறோம்' என்றிருந்த இடத்தில் 'கோருகிறோம்' என்று எழுதச் சொன்னார்.

விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதமாகிறது. பதில் வரவில்லை. அப்பாவின் மூன்று நாள் இரண்டு நாளாகியிருக்கிறது. காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பையனின் கைக்காயம் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. சில ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவான். என் இரண்டாமாண்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பான். சூத்திரங்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

இந்த ஆண்டும் தமிழ் மன்றத்தில் பட்டிமன்றம் வரும். சென்ற ஆண்டுத் தலைப்பையே மறுபடி வைக்கும்படி பொறுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். எந்த அணியில் பேசுகிறாய் என்றார். எந்த அணியானாலும் சரி ஐயா, அந்தப் பதிவேட்டைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.